மட்சா உறை: ஒட்டுவதா, தைப்பதா?

16 பிப்ரவரி 2025, ஒரு வாசகியின் கேள்வி

யூதப் பள்ளி ஒன்றில் மாலைநேரக் கைவேலை வகுப்புக்கு உதவிக்குப் போகிறேன். எட்டுப் பிள்ளைகள், எல்லாருக்கும் ஏழெட்டு வயது. பெசாக் பண்டிகைக்கு (நம் பைபிளில் வரும் பஸ்கா) ஆளுக்கொரு மட்சா (புளிப்பில்லா அப்பம்) உறை செய்ய வேண்டும். 45 நிமிடம் வீதம் மூன்று வகுப்பு. தையல் மெஷின் ஒன்றுதான், அதையும் பெரியவர்கள் மட்டும் தொடலாம். ஃபெல்ட் துணியை ஹாட் குளூ வைத்து ஒட்டிவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறேன். சரிவருமா? என்ன அளவில் வெட்டுவது?

16 பிப்ரவரி, இரவு

ஒட்ட வேண்டாம். மட்சா உறை சுவரில் மாட்டும் பொருள் இல்லை. செடர் இரவில் (பெசாக் தொடங்கும் இரவின் சடங்கு விருந்து) மேசை நடுவில் இருக்கும், சுற்றிலும் ஆளுக்கு நான்கு கோப்பை திராட்சை ரசம். கறை படும், துவைக்க வேண்டும், இஸ்திரி போட வேண்டும், அடுத்த ஆண்டு மறுபடி எடுக்க வேண்டும். ஹாட் குளூ இஸ்திரிச் சூட்டில் இளகும். ஆறினால் விறைத்து வரப்பு மாதிரி நிற்கும். மட்சாவை உள்ளே தள்ளும்போது அந்த வரப்பில் முட்டி ஓரம் நொறுங்கும். செடரை முழு மட்சா மூன்றோடுதான் தொடங்குவார்கள். உறையே அதை உடைக்கக் கூடாது.

அளவைத் துணிக்கடையில் முடிவு செய்யாதீர்கள். முதலில் அந்த வீடுகளில் எந்த மட்சா என்று கேளுங்கள். பெட்டியில் வரும் மெஷின் மட்சா சதுரம், பக்கம் ஏறத்தாழ 18 செ.மீ. கையால் தட்டிச் சுடும் ஷ்முரா மட்சா வட்டம், குறுக்களவு 25 முதல் 30 செ.மீ. சதுரத்துக்குத் தைத்த உறையில் வட்டம் நுழையாது. வட்டத்துக்குத் தைத்ததில் சதுரம் இருக்கும், கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். எட்டு வீட்டில் ஒரு வீடு வட்டம் என்றாலும் அந்தப் பிள்ளைக்குத் தனி அளவு வெட்டுங்கள்.

பை மூன்று வேண்டும். மூன்று மட்சாவில் நடுவில் இருப்பதை இரண்டாக உடைத்து, பெரிய துண்டை அஃபிகோமன் என்று எடுத்து ஒளித்து வைப்பார்கள். சிறிய துண்டு திரும்பவும் நடுப் பைக்கே போகும்.

நேரம் குறைவு என்பதால் சுலப வழி: 24 செ.மீ. அகலத்தில் நீளமான ஒரே துணி. அதை விசிறி மடிப்பாக நான்கு அடுக்கு மடித்து, இரண்டு பக்கமும் தைத்தால் மூன்று பை. அடித்தையல் தேவைப்படாது.

18 பிப்ரவரி

மேலே சொன்ன விசிறி மடிப்பைச் செய்யாதீர்கள், அது தவறு. ஒரு தாளை எடுத்து நான்கு அடுக்காக விசிறி மாதிரி மடித்துப் பாருங்கள். முதல் பையும் மூன்றாம் பையும் மேலே திறக்கும், நடுப் பை கீழே திறக்கும். உறையை நிமிர்த்தித் தூக்கினால் நடு மட்சா வழுக்கிக்கொண்டு விழும். உடைப்பதற்கு எடுக்க வேண்டியதும் அதுதான். செடர் நடத்துபவர் உறையைத் திருப்பிப் பிடித்து எடுக்கும்படி வைக்கக் கூடாது.

சரியான வழி, நான்கு தனித் துண்டு. சதுர மட்சாவுக்கு:

வெட்டும் அளவு 24 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம். மேல் ஓரத்தை 1 செ.மீ. மடித்து, மறுபடி 1 செ.மீ. மடித்துத் தைக்க வேண்டும். நான்கு துண்டுக்கும் இப்படியே. பிறகு மடித்த ஓரங்கள் எல்லாம் ஒரே பக்கம் வருமாறு அடுக்கி, மற்ற மூன்று பக்கமும் 1 செ.மீ. உள்ளே தைத்தால் உள்ளளவு 22-க்கு 22. மட்சாவுக்குச் சுற்றிலும் 2 செ.மீ. இடம் கிடைக்கும், அது கட்டாயம். ஒரு செ.மீ. மட்டும் விட்டால் பெரியவர் கையில் நுழையும், எட்டு வயதுப் பிள்ளை கையில் நொறுங்கும்.

பிசிறு தெரியும் மூன்று பக்கத்துக்கும் மடித்த பயாஸ் பட்டி (குறுக்காக வெட்டிய துணிப்பட்டி). 23, 24, 23 கூட்டினால் 70. முனை மடக்க 4 சேர்த்து, ஆளுக்கு 75 செ.மீ. வெட்டிக்கொள்ளுங்கள்.

வட்ட மட்சாவுக்கு 36-க்கு 37 வெட்டுங்கள், உள்ளளவு 34. பட்டி 110 செ.மீ.

துணி: வெளித் துண்டு இரண்டும் நடுத்தரக் கனமுள்ள பருத்தி, உள் துண்டு இரண்டும் மல் துணி. நான்குமே கனத் துணியானால் ஓர மூலையில் பிள்ளை ஊசியைத் தள்ள முடியாது. ஃபெல்ட்டை எழுத்துக்கும் பூவுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா உறையும் சதுரம் என்றால், 110 செ.மீ. அகலத் துணியில் ஒரு வரிசைக்கு நான்கு துண்டு விழும், எட்டுப் பிள்ளைகளுக்கு வெளித்துணி 1 மீட்டர், மல் 1 மீட்டர் கணக்கு. 1.25 வாங்குங்கள். நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். நனைக்காமல் தைத்த உறை முதல் துவைப்பில் சுருங்கும், அந்த 2 செ.மீ. இடம் போய்விடும்.

18 பிப்ரவரி, சிறிது நேரம் கழித்து

ஒன்று விட்டுப்போயிற்று. அலங்காரம் முதலில், அடுக்கித் தைப்பது கடைசியில். பை ஆன பிறகு மேலே பொத்தானோ எழுத்தோ தைத்தால் ஊசி நான்கு துணியையும் சேர்த்துப் பிடிக்கும். பை வாய் மூடிக்கொண்டது மட்சா வைக்கும்போதுதான் தெரியும்.

20 பிப்ரவரி

உறை மேல் ஹீப்ரு எழுத்து வைப்பது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஹீப்ரு தெரியாதவர் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மட்சா என்ற சொல்லுக்கு மூன்று எழுத்து: மேம், த்ஸாதி, ஹே. வலமிருந்து இடமாக. பெசாக் என்ற சொல்லுக்கும் மூன்று: பே, சாமெக், ஹேத். முதல் சொல் ஹே-யில் முடிகிறது, இரண்டாவது ஹேத்-தில் முடிகிறது. இந்த இரண்டு எழுத்துக்கும் வேறுபாடு ஒரே ஒரு இடைவெளி. ஹே எழுத்தின் இடது கால் மேல்கூரையைத் தொடாது, ஹேத் எழுத்தில் தொடும். ஃபெல்ட்டில் ஹே வெட்டும்போது இடது காலைத் தனித் துண்டாக வெட்டி, கூரைக்கும் அதற்கும் 5 மி.மீ. விடுங்கள். 2 அல்லது 3 மி.மீ. விட்டால் ஃபெல்ட்டின் மயிர் எழும்பி இடைவெளி மூடிக்கொள்ளும். அப்புறம் மட்சா என்று யாரும் வாசிக்க முடியாது.

எழுத்தின் உயரம் 6 செ.மீ., கோட்டின் தடிமன் குறைந்தது 1 செ.மீ. அதைவிட மெலிந்தால் ஓரத்தில் ஊசி போட்டதும் கிழியும்.

இஸ்திரி ஒட்டுத்தாள் வைத்து எழுத்தைப் பதிப்பவர்கள் கவனிக்க: தாளில் வரைந்தது துணியில் இடவலம் மாறித்தான் வரும். ஆகவே தாளில் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வரைய வேண்டும். அச்செடுத்த எழுத்துத் தாளை ஜன்னல் கண்ணாடியில் பின்பக்கம் திருப்பி ஒட்டி, மேலே ஒட்டுத்தாளை வைத்து வரைந்தால் குழப்பமே இல்லை. ஃபெல்ட் பெரும்பாலும் அக்ரிலிக் அல்லது பாலியஸ்டர். பருத்திச் சூட்டில் உருகி இஸ்திரியில் ஒட்டும். நடுச் சூடு, மேலே ஈரத்துணி, தேய்க்காமல் அழுத்தி எடுப்பது. இந்தப் பதிப்பு எழுத்து நகராமல் இருக்க மட்டும்தான். நிலைப்பது பிள்ளை போடும் தையலில். ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே ஓட்டுத் தையல், சுற்றிலும்.

சப்பாத் (யூதரின் ஓய்வுநாள்) உறை தைப்பவர்களுக்கும் இதோடு சொல்லிவிடுகிறேன். அந்தச் சொல்லுக்கு எழுத்து மூன்று: ஷின், பேத், தாவ். பேத் எழுத்துக்குக் கீழே வலது மூலையில் ஒரு குதிகால் வெளியே நீட்டியிருக்கும். அந்த மூலையைப் பிள்ளை வளைத்து வெட்டிவிட்டால் அது காஃப் ஆகிவிடும். மூலை கூராக வேண்டிய எழுத்துகளைப் பெரியவர் வெட்டிக் கொடுப்பது நல்லது. பூ, இலை, திராட்சைக் குலை எல்லாம் பிள்ளைகள் கைக்கு.

23 பிப்ரவரி

ஊசி. குழந்தைகளுக்கென்று விற்கும் பிளாஸ்டிக் ஊசியும், முனை மழுங்கிய டேபஸ்ட்ரி ஊசியும் துளையிட்ட அட்டைக்கும் தளர்ந்த சாக்குத் துணிக்கும் சரி. நெருக்கமாக நெய்த பருத்தியில் நுழையாது. பிள்ளை பலத்தைக் கூட்டி அழுத்தும், ஊசிக்காது உள்ளங்கையைக் குத்தும். மழுங்கிய ஊசி காயப்படுத்தாது என்று வாங்கி, அதனாலேயே காயம் வருகிறது. ஷெனில் ஊசி 22 வாங்குங்கள். முனை கூர், காது பெரிது, பிள்ளையே நூல் கோக்கலாம். அடுக்கின் ஓரத்துக்கு 20.

நூல் நீளம் 45 செ.மீ.க்கு மேல் வேண்டாம். கை நீளத்தைவிட நூல் நீண்டால் ஒவ்வொரு இழுப்புக்கும் முடிச்சு விழும். எழுத்துக்கு எம்பிராய்டரி நூலில் 3 இழை, ஓரத்துக்கு 6 இழை. நூல் காதிலிருந்து உருவிக்கொண்டே வருகிறதா? நூலின் குட்டை முனையை ஊசிக்காதிலேயே ஒரு முடிச்சுப் போட்டுக் கட்டிவிடுங்கள். இரட்டை நூலாக்கி அடியில் முடிச்சிடும் வழக்கத்தைவிட இது மேல், ஏனென்றால் தப்புத் தையலைப் பிரிக்க ஊசியைப் பின்னோக்கி எடுக்க முடியும். இரட்டை நூலில் தப்பு வந்தால் கத்தரிதான்.

கோடு வரைய: சூட்டில் மறையும் பேனா வசதிதான், இஸ்திரி பட்டதும் போய்விடும். ஆனால் கடுங்குளிரில் அந்தக் கோடு திரும்பத் தெரியும். குளிர்நாட்டில் இருக்கிறீர்கள், காரில் ஓர் இரவு கிடந்த உறையில் கோடெல்லாம் மறுபடி முளைக்கலாம். தண்ணீரில் அழியும் பேனா என்றால் முதலில் நனைத்து அழித்துவிட்டு அப்புறம் இஸ்திரி. முதலில் சூடு பட்டால் கோடு நிலைத்துவிடும். எனக்குப் பிடித்தது தையல்காரர் சுண்ணக்கட்டி, தட்டினால் போய்விடுகிறது.

24 பிப்ரவரி

மூன்று வகுப்பை எப்படிப் பிரிப்பது என்பதற்கு: முதல் வகுப்பில் எழுத்தைப் பதித்துத் தையல் தொடங்குவது. இரண்டாவதில் எழுத்தை முடிப்பது, நேரமிருந்தால் பூ, பொத்தான். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நீங்கள் மெஷினில் மேல் ஓரங்களை மடித்து அடித்து, நான்கையும் அடுக்கி மூன்று பக்கம் தைத்து, பட்டியையும் பொருத்திவிடுங்கள். மூன்றாம் வகுப்பில் பிள்ளை அந்தப் பட்டி மேல் தடித்த நூலில், வேறு நிறத்தில், ஓட்டுத் தையல் போடட்டும். துணியைப் பிடித்துக்கொண்டிருப்பது மெஷின் தையல், கண்ணில் படுவது பிள்ளையின் தையல். கோணலாகப் போனாலும் விட்டுவிடுங்கள். பெரியவர்கள் இரவோடு இரவாகப் பிரித்துத் திருத்தும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. பிள்ளைக்குத் தன் தையல் எது என்று தெரியும்.

முடியாத வேலையை வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பாதீர்கள். சப்பாத்தில் விலக்கிய 39 வகை வேலைகளை மிஷ்னா (பழைய யூதச் சட்டத் தொகுப்பு) பட்டியலிடுகிறது. தைப்பது அதில் ஒன்று, இரண்டு தையல் போட்டாலே வேலை என்று கணக்கு. ஞாயிறன்று கொடுங்கள்.

2 மார்ச்

பூரிம் (எஸ்தர் யூதர்களைக் காத்ததை நினைக்கும் பண்டிகை) நெருங்குகிறது, இந்த ஆண்டு மார்ச் 13 வியாழன் மாலை தொடங்குகிறது. எஸ்தர் கிரீடமும் கிலுகிலுப்பையும் கேட்டவர்களுக்கு.

கிரீடம்: ஐந்தாறு வயதுத் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 51 செ.மீ. பக்கம். ஃபெல்ட் 40 செ.மீ., பின்னால் இழுக்காத நிலையில் 8 செ.மீ. எலாஸ்டிக். மொத்தம் 48, போட்டதும் 51-க்கு விரியும். எலாஸ்டிக்கின் இரு முனையும் ஃபெல்ட்டுக்குள் 2 செ.மீ. போக வேண்டும், அதற்குத் தனியாக 4 செ.மீ. கூட்டி 12 வெட்டுங்கள். ஒற்றை ஃபெல்ட் ஒரு மணி நேரத்தில் தொய்ந்து தலையில் படுத்துவிடும். இரண்டு அடுக்கு, நடுவில் பக்ரம் (விறைப்புத் துணி). கூர்முனைகளில் பக்ரத்தை 3 மி.மீ. குறைத்து வெட்டினால் ஓரத் தையலில் மாட்டாது.

போர்வை அங்கி: கழுத்தில் நாடா முடிச்சு கூடாது. விளையாட்டில் யாராவது பின்னால் மிதித்தால் கழுத்தை இறுக்கும். 3 செ.மீ. வெல்க்ரோ வைத்தால் இழுபட்டதும் விட்டுவிடும்.

கிலுகிலுப்பை: எஸ்தர் புத்தகத்தில் யூதர்களின் பகைவன் ஆமானின் பெயர் வாசிக்கப்படும்போதெல்லாம் சத்தம் எழுப்ப. தகர டப்பா, உள்ளே பொத்தான், வெளியே தைத்த துணி உறை. பயறு, கோதுமை, மக்ரோனி போடாதீர்கள். பூரிமிலிருந்து ஒரு மாதத்தில் பெசாக், அதற்குள் வீட்டில் புளிக்கும் தானியத்தின் துணுக்குக்கூட இல்லாமல் சுத்தம் செய்ய வேண்டும். டப்பா மூடி திறந்து சோபாவுக்கு அடியில் மக்ரோனி சிதறினால் அந்தத் தாயின் வேலை இரட்டிப்பு. அஷ்கெநாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழி யூதர்) வீடுகளில் பெசாக்கின்போது பயறு வகைகளையும் உண்பதில்லை.

இதே காரணத்தால் பெசாக் கைவேலைக்கு மைதாப் பசை வேண்டாம். நம்மூரில் போஸ்டர் ஒட்டும் பழக்கத்தில் கை அங்கேதான் போகும். கடையில் விற்கும் ப்ளே-டோ களிமண்ணிலும் கோதுமை மாவு இருக்கிறது. வெள்ளை ஃபெவிகால் வகைப் பசை போதும்.

5 மார்ச்

மிஷ்லோவாஹ் மனோத் பை. பூரிம் அன்று குறைந்தது ஒருவருக்கு, அப்படியே சாப்பிடக்கூடிய இரண்டு வகைப் பண்டம் அனுப்ப வேண்டும். அதை வைக்க நாடா இழுக்கும் சுருக்குப்பை. பாட்டி இடுப்பில் செருகும் சுருக்குப்பையேதான், அளவு மட்டும் பெரிது.

துணி 22 செ.மீ. அகலம், 64 நீளம். பாதியாக மடித்தால் 32 உயரம். பக்கவாட்டில் 1 செ.மீ. விட்டுத் தையுங்கள், ஆனால் மேலிருந்து 8 செ.மீ. தைக்காமல் விட வேண்டும். அந்தப் பிளவின் ஓரத்தை மடித்துத் தைத்துவிட்டு, வாயை அரை செ.மீ., பிறகு 3 செ.மீ. மடித்து அடித்தால் நாடா போகும் குழாய். நாடா இரண்டு, ஒவ்வொன்றும் 60 செ.மீ. ஒன்று வலப்பக்கம் நுழைந்து முழுச் சுற்றுப் போய் வலப்பக்கமே வெளிவரும், மற்றது இடப்பக்கம். ஒரே நாடா போட்டால் பை ஒருபக்கமாகத்தான் சுருங்கும். நாடா முனையில் ஊக்கு மாட்டித் தள்ளுவதைப் பிள்ளைகள் விரும்பிச் செய்வார்கள். வகுப்பில் அவரவர் வேகத்துக்கு விடலாம்.

ஆமான் காது பலகாரம் நெய் விடும். பேக்கிங் தாளில் சுற்றி வையுங்கள், இல்லையேல் பையில் எண்ணெய்க் கறை.

6 மார்ச்

மேலே பிளவுக்கு 8 என்று எழுதியது தாராளம். உள்ளே மடிவதற்கு மூன்றரை, குழாய்க்கு மூன்று, அதற்குக் கீழே ஒன்று, ஆக ஏழரை போதும். அதற்கு மேல் விட்டால் குழாய்க்குக் கீழே வாய் பிளந்து பண்டம் எட்டிப் பார்க்கும்.

16 மார்ச்

“லினன் துணி அழகாக இருக்கிறது, அதில் உறை தைத்துக் கம்பளி ஃபெல்ட்டில் எழுத்து வைக்கலாமா?”

வேண்டாம். கம்பளியும் லினனும் ஒன்றாகச் சேர்ந்த துணியை ஷாட்னெஸ் என்று விலக்குகிறார்கள். லேவியராகமம் 19:19, உபாகமம் 22:11. இரண்டையும் சேர்த்து நெய்திருக்க வேண்டும் என்பதில்லை, ஒன்றோடொன்று தைத்தாலும் கணக்குத்தான். விலக்கு நேராக உடுத்துவதற்கும் போர்த்துவதற்கும் உரியது. மேசைத் துணி, உறை என்று வரும்போது வீட்டுக்கு வீடு கேள்வி எழும். எழவே வேண்டாம், அக்ரிலிக் ஃபெல்ட் வைத்துக்கொள்ளுங்கள். லினன் என்றால் ஆளிச்செடி நார். பருத்தியை இதில் சேர்த்துக் குழம்பிக்கொள்ளாதீர்கள். பருத்தியோடு கம்பளி, பருத்தியோடு லினன், இரண்டுக்கும் தடையில்லை. கவனிக்க வேண்டியது பூரிம் அங்கியும் கிப்பாவும் (யூத ஆண்கள் தலையில் வைக்கும் சிறு குல்லா), அவை உடுத்துவதால். பழைய கோட்டை வெட்டி அங்கி தைத்தால், காலரின் உள்ளே விறைப்புக்கு வைத்த துணி லினனாக இருக்கலாம். காலரைப் பிரித்து எடுத்துவிடுங்கள்.

23 மார்ச்

சீக்கிரம் முடித்த பிள்ளைகளுக்கு அஃபிகோமன் பை கொடுங்கள். இதில் எனக்குத் தனி விருப்பம் உண்டு, காரணம் சொல்கிறேன்.

பல செஃபர்தி (ஸ்பெயின் வழி), மிஸ்ராகி (மத்தியக் கிழக்கு வழி) யூத வீடுகளில் அஃபிகோமனைத் துணியில் கட்டிப் பிள்ளையின் தோளில் வைப்பார்கள். எகிப்திலிருந்து புறப்பட்டவர்கள் பிசைந்த மாவைத் துணியில் கட்டித் தோளில் சுமந்தார்கள் என்று யாத்திராகமம் 12:34 சொல்வதை அப்படியே நடித்துக் காட்டுவது அது. அஷ்கெநாசி வீடுகளில் ஒளிப்பதும் தேடுவதுமாக விளையாட்டு. தோள்வார் வைத்த பை இரண்டுக்கும் ஆகும்.

துணி 24 அகலம், 60 நீளம். இரு குறுகிய முனையும் 1 செ.மீ. மடித்துத் தைத்தால் 58. கீழிருந்து 24 மேலே மடியுங்கள். பின்பக்கம் 24, மிச்சம் 10 மூடி. பக்கத் தையல் 1 செ.மீ. வார் 90 செ.மீ., இரண்டு முனையும் பைக்குள் 2 செ.மீ. போகும்படி 94 வெட்டுங்கள். எட்டு வயதுக்கு இது குறுக்காகத் தொங்கி இடுப்புக்கு வரும். வாரின் முனையை ஒரு சதுரமும் உள்ளே பெருக்கல் குறியுமாகத் தையுங்கள். ஓட விடும் பை, ஒற்றை வரித் தையல் நிற்காது.

6 ஏப்ரல்

இந்த ஆண்டு முதல் செடர் ஏப்ரல் 12, சனி இரவு. சப்பாத் முடிந்த கையோடு செடர். ஆகவே ஊசி, கத்தரி, இஸ்திரி எல்லாம் ஏப்ரல் 11 வெள்ளி சூரியன் மறையும் முன்பே முடிந்திருக்க வேண்டும். வியாழனே கொடுத்துவிடுங்கள்.

கொடுக்கும் முன் ஒவ்வொரு உறையிலும் கைவிட்டுக் குண்டூசி தேடுங்கள். வகுப்புத் தொடக்கத்தில் எண்ணிக் கொடுத்து, முடிவில் எண்ணி வாங்கியிருந்தாலும் தேடுங்கள்.

ரசக் கறைக்கு: விழுந்த உடனே காகிதத் துவாலையால் ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. நாள் முடிந்ததும் குளிர்ந்த நீர். சிவப்பு ஃபெல்ட் வைத்திருந்தால் அதுவே சாயம் விடலாம். ஈர வெள்ளைத் துணியை வைத்து அழுத்திச் சோதித்துவிட்டுத் துவையுங்கள்.

7 செப்டம்பர்

சுக்கோத் (பைபிளில் வரும் கூடாரப் பண்டிகை) அக்டோபர் 6 மாலை. சுக்கா அலங்காரம் பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு இங்கேயே.

கிளைகளால் கூரை போட்ட குடில் அது, மழையும் காற்றும் உள்ளே வரும். காகிதச் சங்கிலி முதல் தூறலில் நீண்டு அறும், க்ரேப் தாள் மேசைத் துணியில் சாயம் சொட்டும். ஃபெல்ட் மாதுளை, அத்தி, திராட்சை தைத்துத் தொங்கவிடுங்கள். உள்ளே பாலியஸ்டர் பஞ்சு. இலவம் பஞ்சோ பருத்தியோ அடைத்தால் நனைந்து காயாமல் பூசணம் பிடிக்கும். உண்மைப் பழம் கட்டினால் குளவி வரும்.

நூல் நீளத்துக்கு ஒரு அளவு உண்டு. அலங்காரம் கூரையிலிருந்து 4 தெஃபாக்குக்குள் (தெஃபாக் என்பது ஒரு கையகலம்) இருந்தால் அது கூரையின் பகுதியாகவே கருதப்படும். அதற்குக் கீழே இறங்காமல் தொங்கவிடுவது வழக்கம். ஒரு தெஃபாக் 8 செ.மீ. என்று கொள்பவர்களுக்கு 32, 9.6 என்பவர்களுக்கு 38.4. பழத்தையும் சேர்த்து 30 செ.மீ.க்குள் முடித்தால் எல்லாருக்கும் பொருந்தும். மாதுளை 9 செ.மீ. என்றால் தூண்டில் நரம்பு 20.

நரம்பை ஃபெல்ட்டில் நேரடியாகக் கட்டினால் அறுத்துக்கொண்டு வரும். மாதுளையின் கிரீடத்துக்கு அடியில் ஒரு சிறு பொத்தானை உள்ளே வைத்து அதில் கட்டுங்கள்.

10 செப்டம்பர்

கிப்பா ஆறு இதழாகத் தைத்தேன், தலை உச்சியில் மொட்டு மாதிரி நிற்கிறது என்று எழுதியவருக்கு.

தையல் விட்ட அளவு கூடியிருக்கிறது. விளிம்புச் சுற்று 50 என்றால் இதழ் ஒன்று ஏறத்தாழ 8.3 அகலம், இருபக்கம் 0.7 சேர்த்து 9.7. ஒவ்வொரு பக்கமும் 2 மி.மீ. கூடுதலாக உள்ளே தைத்துவிட்டால் இதழுக்கு 4, ஆறு இதழுக்கு 24 மி.மீ. குறையும். 50 வர வேண்டியது 47.6. மெஷின் தட்டில் 0.7-க்கு மாஸ்கிங் டேப் ஒட்டி அதை ஒட்டியே துணியை விடுங்கள். மூன்று இதழ் ஒரு பாதி, மூன்று ஒரு பாதி, பிறகு நடுவில் ஒரே நீளத் தையல். பாதிகளில் உச்சிக்கு 0.7 முன்பே நிறுத்திவிட வேண்டும். பிள்ளைகளோடு என்றால் நான்கு இதழ் போதும்.

30 நவம்பர்

ஹனுக்கா (யூதர்களின் எட்டு நாள் விளக்குப் பண்டிகை) டிசம்பர் 14 மாலை. சுவரில் மாட்டும் ஃபெல்ட் ஹனுக்கியா (ஹனுக்கா விளக்குத்தண்டு): ஒன்பது மெழுகுவத்தி, எட்டு ஒரே உயரம், மற்றவற்றுக்கு ஏற்றும் ஷமாஷ் மட்டும் உயர்ந்தோ விலகியோ. ஒவ்வொன்றின் தலையிலும் பொத்தான், பிள்ளை தினமும் ஒரு சுடரை மாட்டும். 20 மி.மீ. பொத்தானுக்கு ஃபெல்ட்டில் 18 மி.மீ. கீறல், ஃபெல்ட் இழுபடும், சரியாக 20 வெட்டினால் மூன்றாம் நாளே கழன்று விழும். மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை உள்ள வீடானால் பொத்தானே வேண்டாம், வெல்க்ரோ.

முதல் நாள் வலது ஓரம். ஒவ்வொரு நாளும் இடப்பக்கம் ஒன்று கூடும். ஏற்றுவது மட்டும் அன்று புதிதாக வந்த இடதுபுறச் சுடரிலிருந்து வலப்பக்கமாக. இடமிருந்து எழுதிப் பழகிய பிள்ளை இடது ஓரத்திலிருந்து மாட்டத் தொடங்கும். பின்பக்கம் 1 முதல் 8 வரை நூலில் எண் தைத்துவிடுங்கள்.

ட்ரெய்டல் (ஹனுக்கா பம்பரம்) தோரணத்துக்கு எழுத்து நான்கு: நூன், கிமெல், ஹே, ஷின். இஸ்ரேலில் ஷின் இடத்தில் பே, ‘அங்கே’ என்பது ‘இங்கே’ ஆகிறது. எந்த வீட்டுக்கு என்று கேட்டுவிட்டு வெட்டுங்கள். ஹே-க்கு பிப்ரவரி 20 குறிப்பைப் பாருங்கள், அதே 5 மி.மீ.

7 டிசம்பர்

மாலை வகுப்பு வைப்பவர்களுக்கு ஒன்று. மெழுகுவத்தி எரியும் அந்த அரை மணி நேரம் பெண்கள் வேலை செய்வதில்லை என்பது பழைய வழக்கம். உதவிக்கு வரும் தாய்மார் ஊசியைக் கீழே வைத்தால் காத்திருங்கள். பொத்தானுக்குக் கீறல் போட்டு வைப்பதை முந்தின நாளே முடித்துவிடுங்கள்.

எரியும் ஹனுக்கியாவுக்குப் பக்கத்தில் ஃபெல்ட் தோரணம் கட்டாதீர்கள். அக்ரிலிக் எரியும்போது உருகிச் சொட்டும். எதிர்ச் சுவரில் மாட்டுங்கள்.